கடித முத்திரையிலிருந்து கணினிச் சங்கேதம் வரை

ஹஜ்ரத் முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறித்து வைத்துள்ள செய்தி ஒன்று உண்டு. அம்ரு இப்னு ஸுபைர் என்பாருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு ஈராக்கின் ஆளுநர் ஸியாதுக்கு டமாஸ்கஸிலிருந்து கடிதம் எழுதப்பட்டது. அதைக் கொண்டு சென்றவர் பணம் பெற வேண்டிய அந்த அம்ருவேதான். வழியில் அவர் கடிதத்தைப் பிரித்தார். 'நூறாயிரம்' என்றிருந்ததை 'இருநூறாயிரம்' ஆக்கினார். நூறு எனும் சொல்லை இருநூறாக மாற்றுதற்கு இரண்டோர் எழுத்தைக் கூட்டினால் போதும் என்பதை அரபு கற்றோர் அறிவர். ஸியாதும் இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டார். கணக்கு டமாஸ்கஸ் வந்து சேர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே 'தீவானுல் காத்தம்' எனும் முத்திரை அலுவலகம் ஏற்பட்டது என்பர். அன்று தொட்டு அரசின் கடிதங்கள் மடித்துக் கட்டப்பெற்று முத்திரையிடப்பட்டன. அவற்றின் படி ஒன்று அலுவலகத்தில் வைக்கப்பட்டது.

பிறர் கடிதத்தைப் பிரித்தல், பிரித்ததைத் திருத்துதல் என்று இதில் இரண்டு குற்றங்கள் அடங்கியிருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், கணினிகளை இணைக்கும் இணையத்தின் வரலாற்றிலும் இவ்விரண்டுமே பெருஞ்சிக்கலாகி நின்றன. அவ்வரலாற்றில் கிண்டி தொடங்கித் தாம்பரம் வரையுள்ள நம் தென்சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் கைப்பேசி வழியே குடும்பச் செய்தி போய்வரும் இந்நாளில், அதை அறிந்து வைத்திருத்தல் நலம்.

தபாலும் உளவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் மிகையாகாது. கலீபாக்களின் காலத்துத் தபால் துறைக்கு 'பரீத்' என்று பெயர். அதன் அதிகாரியாகிய 'ஸாஹிபுல் பரீத்', கடிதங்களைச் சேர்ப்பிப்பதோடு தம் பகுதியின் ஆளுநர் எப்படி நடந்துகொள்கிறார், சந்தையில் விலைவாசி என்ன என்றெல்லாம் தலைநகருக்கு எழுதி அனுப்பினார். நம் நாட்டிலும் அவ்வாறே. 1333இல் சிந்து நதிக் கரையை அடைந்த இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் அஞ்சல் முறையை வியந்து விவரிக்கிறார். சிந்துவிலிருந்து டில்லிக்கு ஐம்பது நாள் பயணம். ஆனால் தபாற்காரர் கையில் செய்தி ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்துவிடுமாம். அவ்வாறு போன செய்திதான் என்ன? நாட்டுக்குள் புதிதாக நுழைந்தவன் எப்படிப்பட்டவன், அவன் உடை யாது, உடன் வந்தோர் எத்தனை பேர், பணியாளர் எத்தனை, கால்நடை எத்தனை என்னும் பட்டியல். அவன் பேசியது என்ன என்பது அவர்களுக்கு முதன்மையன்று. வருகையும் எண்ணிக்கையுமே போதுமானவையாக இருந்தன. இந்தப் பட்டியலை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பிரித்துப் படிப்பவன் உள்ளவரை, மறைத்து எழுதுபவனும் இருப்பான். இக்கலையை அரபியர் 'முஅம்மா' என்றனர். யாப்பிலக்கணத்தை வகுத்த இமாம் கலீல் இப்னு அஹ்மதை மதரஸாவில் 'அரூள்' கற்றவர் எவரும் மறக்கமாட்டார். ரோமாபுரி மன்னரிடமிருந்து கிரேக்க மொழியில் வந்த மறைகடிதம் ஒன்றை அவர் ஒரு மாதம் முயன்று படித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர் என்று கேட்டதற்கு, கடிதம் இறைவன் பெயரால்தானே தொடங்கியிருக்கும், அதைக் கொண்டு முதல் எழுத்துகளை ஊகித்தேன் என்றாராம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி இதை முறைப்படியான அறிவியலாக்கினார். ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். அரபியில் அலிபும் லாமும் முன்னிற்பதுபோல. மறையெழுத்தில் எந்தக் குறி மிகுதியாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், அது எந்த எழுத்துக்கு நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதை விளக்கும் அவருடைய ரிஸாலா இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடந்தது. 1980களில் டமாஸ்கஸ் அறிஞர்கள் அதைப் பதிப்பித்த பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. சங்கேதத்தை உடைக்கும் கலைக்கு நாமறிந்த மிகப் பழைய நூல் அதுவே. பூட்டுச் செய்வோர் எல்லாருக்கும் பூட்டை உடைத்தவரே ஆசிரியராக அமைந்தது வேடிக்கைதான்.

நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்த காலத்திற்கு வருவோம். 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. கப்பல் வாரக்கணக்கில் சுமந்து சென்ற செய்தியைத் தந்தி அன்றைக்கே சேர்த்தது. ஆனால் உறை என்பது தந்திக்குக் கிடையாது. அனுப்பும் எழுத்தரும் படிப்பார், பெறும் எழுத்தரும் படிப்பார். அதனால்தான் அக்கால வணிகர்கள் சங்கேத அகராதிகளைக் கையாண்டனர்; ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்கியம் அடங்கும். காசும் மிச்சம், மறைவும் கிடைக்கும். அரசு இன்னொன்று செய்தது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தன் 5ஆம் பிரிவில், பொது நெருக்கடியின்போதோ பொதுப் பாதுகாப்பை முன்னிட்டோ செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கிற்று. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் கடிதங்களுக்கும் அவ்வதிகாரத்தை விரித்தது.

இனி கிண்டிக்கு வருவோம். மான்கள் உலவும் காட்டுக்கு நடுவே 1959இல் தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை அறியாதார் இலர். மத்திய மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தினது துணையோடு 1986இல் 'எர்நெட்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையத்தைத் தொடங்கியபோது, அதன் எட்டுப் பங்காளிகளுள் இக்கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு ஒன்பதாண்டு முன்னரே தென்சென்னை வலையத்தில் இடம்பெற்றுவிட்டது என்பதை இங்கே குறிக்க வேண்டும்.

அந்த வலையம் எந்த விதிகளின்படி இயங்கிற்று? கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதியை 'புரோட்டோகால்' என்பர், தமிழில் நெறிமுறை. நமக்கு இதை விளக்க 'ஆதாப்' என்ற சொல்லே போதும். ஒருவர் ஸலாம் சொல்ல, மற்றவர் பதில் ஸலாம் சொல்ல, அதன் பின்னரே பேச்சுத் தொடங்குவதுபோல, ஒரு கணினி அழைக்கும், மற்றது ஏற்றேன் என்னும், முதலாவது நன்று என்னும். பிறகே செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் புறப்படும். இம்முறை 1983 ஜனவரி முதல் நாள் அமெரிக்க வலையத்தில் நடைமுறைக்கு வந்தது. மின்னஞ்சலுக்குரிய நெறிமுறை அதற்கு முந்திய ஆண்டில் எழுதப்பட்டது. இவற்றை வகுத்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகவே அவர்கள் உறையைப் பற்றி எண்ணவில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கடிதமும் அவ்வப்படியே கம்பியில் ஓடின. இடையிலுள்ள எந்தக் கணினியும் அவற்றைப் படிக்கலாம். வேண்டுமானால் அம்ருவைப்போலத் திருத்தவும் செய்யலாம். சுருங்கக் கூறின் அஞ்சலட்டை.

அஞ்சலட்டைக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டை நம் பெண்மக்கள் நன்கறிவர். 1980களில், நாங்கள் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், சபராளிகளின் கடிதங்களை எழுத்தறியாத தாய்மார்களுக்குப் படித்துக் காட்டுவது ஓதும் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. ஒட்டிய உறையை நம் கையில் தரும்போதே, "தம்பி, மெதுவா படிப்பா" என்பார்கள். சில வரிகளைத் தாழ்ந்த குரலிலும், சில வரிகளை அண்டைவீட்டுப் பெண் எழுந்து போன பின்னரும் படிக்க வேண்டும் என்பது எங்களுக்கு எவரும் சொல்லாமலே விளங்கியது. படித்ததை வெளியே சொன்ன பிள்ளையிடம் மறுமுறை கடிதம் வராது. அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தக் கித்தாபிலும் ஓதவில்லை.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைக் கடைத்தெருக்களில் 'பிரௌசிங் சென்டர்'கள் பெருகின. வளைகுடாவிலிருக்கும் மகனின் முகத்தைத் திரையில் காண நம் மக்கள் அங்கே வரிசையில் காத்திருந்தனர். 2011 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றுக்கு விதிகள் வகுத்தது. வருவோரின் அடையாளச் சான்றைக் காண வேண்டும். பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் அனைத்தையும் பதிவேட்டில் எழுதி ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும். தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரலாகாது. நூல் கட்டிய பேனாவால் நாம் கையெழுத்திட்ட அந்தப் பதிவேடு இப்னு பதூதா கண்ட பட்டியலின் பேரப்பிள்ளை.

உறை எப்போது வந்தது? 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்தித்திராத இருவரும் எல்லார் முன்னிலையிலும் பேசியே தமக்குள் ஓர் இரகசியத்தை ஏற்படுத்திக்கொள்ள இயலும் என்று கணித வழியே காட்டினர். இம்முறையின் ஒரு வகையை உவமையால் சொல்லலாம். ஒருவன் திறந்த பூட்டுகளை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறான். யாரும் பெட்டியில் கடிதமிட்டு அப்பூட்டால் பூட்டி அனுப்பலாம். திறப்பவன் அவன் ஒருவனே. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இணையப் பக்கங்களுக்கு இத்தகைய உறையைக் கொண்டு வந்தது. 1999இல் அது பொது நெறிமுறையாகச் செப்பம் பெற்றது. ஆயினும் நெடுங்காலம் அதைப் பெரும்பாலும் பணம் செலுத்தும் இடங்களிலேயே கையாண்டனர். காசுக்கு உறை, குடும்பக் கடிதத்துக்கு அஞ்சலட்டை!

நிலைமையை மாற்றியது 2013 ஜூன். அமெரிக்க உளவுத்துறைக்குப் பணிபுரிந்த எட்வர்டு ஸ்னோடன் என்பவர், உலக மக்களின் இணையப் போக்குவரத்தை அவ்வரசு மொத்தமாக அள்ளிச் சேர்ப்பதை ஆவணங்களுடன் வெளியிட்டார். அடுத்த மாதம் 14ஆம் நாளோடு இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. உறையில்லாத பழைய செய்தி மறைந்த வேளையில், புதிய செய்திக்கும் உறையில்லை என்பதை உலகம் கண்டுகொண்டது. 2014 மே மாதம், இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் மன்றம், மொத்தக் கண்காணிப்பையே ஒரு தாக்குதலாகக் கொண்டு இனி நெறிமுறைகளை அமைக்க வேண்டும் என்று ஆவணம் வெளியிட்டது. 2015 முதல் இணையத்தளங்களுக்கு உறைச் சான்றிதழ் விலையின்றிக் கிடைத்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்தையும் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கத்தக்க சங்கேதத்துக்குள் கொண்டு வந்தது. இடையிலுள்ள அந்நிறுவனமும் படிக்க இயலாது.

சட்டமும் மெல்ல மெல்ல நடந்தது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையன்று என்று உச்சநீதிமன்றம் 1950களிலும் 60களிலும் கருதிற்று. 1994இல் அதன் போக்கைத் திருப்பிய தீர்ப்புகளுள் ஒன்றுக்குக் காரணமானது தென்சென்னை. திருவான்மியூரை அச்சுறுத்திய கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடலாமா என்னும் வழக்கு அது. தனித்து விடப்படும் உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கியது என்று கூறிய நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று இதழுக்கும் இடமளித்தது. 1996இல், தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் எழுத்துமூல ஆணை வேண்டும், கால வரம்பு வேண்டும் என்று வரையறுத்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர்.

ஆனால் மறுபக்கத்தையும் கூறாமல் விட்டால் அது வரலாறாகாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அப்பொய்யை முதலில் எழுதியவன் யார்? உறைக்குள் இருந்ததால் எவருக்கும் தெரியவில்லை. இக்கேள்வியை எளிதென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கொன்று வந்தது. சமூகவலைக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்பது மனு. நீதிமன்றம் ஆதாரை விடுத்து, செய்தியின் மூலத்தைக் கண்டறிய வழியுண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. 2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழியை முன்வைத்தார். உறையை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு செய்தியுடனும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம். அவ்வடையாளத்தையே சங்கேதத்தில் இட்டுச் சாவியை நிறுவனத்திடம் வைத்து, நீதிமன்றம் கேட்டால் திறக்கலாம். எழுதியவர் 'பிறருக்கு அனுப்பற்க' என்று குறித்திருந்தும் பெற்றவர் அனுப்பினால், அனுப்பியவரே மூலவராகக் கருதப்படுவார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். அடையாளத்தைப் பொய்யாகப் புனைய முடியும். குற்றவாளி வேறு எண்ணுக்குள் ஒளிந்துகொள்வான். அகப்படுபவர் அப்பாவியே என்பது அவர் வாதம்.

இவ்விவாதத்தைப் படித்தபோது எனக்கு ஹதீஸ் கலையே நினைவுக்கு வந்தது. யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று 'இஸ்னாத்' எனும் அறிவிப்பாளர் வரிசையைக் கேளாமல் நம் இமாம்கள் எதையும் ஏற்றதில்லை. காமகோடி கேட்டது கைப்பேசிச் செய்திக்கு ஓர் இஸ்னாத். நோக்கம் நன்றே. ஆயினும் அக்கலையைக் கற்றவர்க்கு இரண்டு தடைகள் தோன்றும். முதலாவது, பொய் ஹதீஸைப் புனைந்தவன் பொய் இஸ்னாதையும் சேர்த்தே புனைந்தான். அதனால் இமாம்கள் வரிசையைக் கண்டதும் நம்பிவிடாமல், அதிலுள்ள ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் வாய்மையையும் நினைவாற்றலையும் ஆராயப் பெருநூல்களையே எழுத நேர்ந்தது. பெயர் ஒட்டியிருப்பதே சான்றாகாது. மற்றொன்று, அறிவிப்பாளர் என்பவர் சபையில் அமர்ந்து, தம் பெயரால் பலரறிய அறிவித்தவர். கணவன் மனைவிக்கும், மகன் தாய்க்கும் எழுதுவது ரிவாயத் அன்று. ஆயிரம் பேருக்குப் பரவும் வதந்தியும் ஒருவருக்கு எழுதிய கடிதமும் ஒரே பையில் போகின்றன என்பதற்காக இரண்டின் மீதும் ஒரே முத்திரையைக் குத்துவது பொருந்துமா? 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. உறையைத் தொடாமல் வதந்தியின் காலை மட்டும் கட்டிய அம்முறை எனக்கு மேலாகப் படுகிறது. (நம் மஹல்லாக் குழுக்களில், வந்ததை வந்தபடியே தள்ளிவிடும் பெரியவர்களுக்கு இஸ்னாதின் நினைவு சற்று வந்தாலும் நலமே.)

2019 அக்டோபரில் அவ்வழக்கை உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டு, ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனருடைய செய்தி நிறுவனங்கள், கடுங்குற்றங்களில் ஆணை வந்தால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றது. செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை என்றும் அதில் உள்ளது. அவ்விதி சங்கேதத்தையே முறித்துவிடும் என்று கூறி, அவ்வாண்டு மே மாதம் வாட்ஸ்அப் டில்லி உயர்நீதிமன்றம் சென்றது.

உள்ளே இருக்கும் கடிதம் இவ்வாறு வழக்குமன்றத்தில் இருக்க, உறையின் மேற்புறத்தை மறந்துவிடலாகாது. நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டும்போது, அதன் முகவரியைத் தேடித் தரும் நெறிமுறை 1983இல் வகுக்கப்பட்டது. அக்கேள்வி இன்றும் பெரும்பாலும் திறந்தே போகிறது. அதற்கு உறையிடும் நெறிமுறைகள் 2016இலும் 2018இலும் வந்தன. தளத்துடன் பேசத் தொடங்கும் முதல் ஸலாமில் அதன் பெயர் வெளிப்படையாக இருப்பதையும் மறைக்கும் முறை, 2023 முதல் உலாவிகள் சிலவற்றில் இடம்பெற்றது. இத்தனைக்குப் பின்னரும், யார் யாருடன், எந்நேரத்தில், எத்தனை முறை பேசினார் என்பது இடைநிற்கும் நிறுவனத்துக்குத் தெரியும். முகவரியை மறைக்கும் 'வி.பி.என்.' சேவைகளோ, வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் நாள் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு ஆணையிட்டது. யார் வந்தார், உடன் வந்தோர் எத்தனை பேர் என்னும் துக்ளக்கின் பட்டியலே மீண்டும்.

நிறுவனங்கள் நம் விவரங்களைக் கையாளுவதற்கென 2023இல் தனிச்சட்டம் ஒன்று பிறந்தது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 2023இல் இயற்றிய புதிய சட்டங்களுக்கு வழிவிட்டன. இடைமறிக்கும் அதிகாரம் மட்டும் வழிவிடவில்லை. தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நின்ற இடத்தில், தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நிற்கிறது.